பைலிங் போடாத சமையலறை

ஆகஸ்ட் 14, வியாழன்

கோலசிலாங்கூரில் இன்று பொறியாளர்களுக்கான மண்ணியல் பயிற்சி. இந்தக் களிமண்ணில் வீட்டுக்கு அடியில் ஆழமாக அடித்து இறக்கிய தூண்கள், அதாவது பைலிங், இருக்கும், பின்னால் நீட்டிக் கட்டும் சமையலறைக்கு இருக்காது, அது மட்டும் இறங்கிச் சாய்ந்து, மேலே அகலமாக விரிசல் விட்டுப் பிரிந்துபோகும் என்று பயிற்சியாளர் படங்கள் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

தஞ்சோங் காராங் வீட்டுக்கு வந்தால், புதுச் சமையலறைச் சுவரின் விரிசலில் என் கணவர் சிமெண்டு பூசிக்கொண்டிருக்கிறார். கட்டும்போது நான் பைலிங் போடச் சொன்னதற்கு, “வேலைய வீட்டுக்குக் கொண்டு வராத” என்றவர்.

“பெயிண்ட் அடிச்சிட்டா தெரியாது லா. கோர்ஸ்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க?”

“மண்ணைப் பத்தி.”

சண்டை போடத் தெம்பில்லை. அவர் கீழே பூச, நான் நாற்காலியில் ஏறி மேலே பூசினேன். மேலேதான் விரிசல் அகலம்.