சிவப்புக் காருக்குப் புது ஸ்பிரிங்

மார்ச் 3, ஞாயிறு

காலையில் என் மனைவி காரைக் கழுவினாள். துடைத்து முடித்ததும் முன்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தாள். கார் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நிற்கவே மனமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஷாக் அப்சார்பர் போயிடுச்சுங்க. பந்தயத்துக்கு முன்னாடி மாத்தணும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் காபி புரையேறிவிட்டது. போன வருஷம் மலைப்பாதைப் பந்தயத்தில், பெரிய வளைவில் காரின் பின்பக்கம் விலகித் தடுப்புச் சுவரில் உரசி நின்றதிலிருந்து இவள் பந்தயம் என்ற வார்த்தையையே வாயில் எடுத்ததில்லை. காருக்குக் கீறல், அவளுக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்னோம். ஒன்றுமில்லாமலா இத்தனை மாதம் வேலைக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினாள்?

மே மாதப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போகிறாளாம். "சரி" என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 6, புதன்

மச்சான் வந்தார். அவளுக்கு அண்ணன். டயர் கடை வைத்திருக்கிறார், அதே பந்தயத்தில் அவரும் ஓட்டுகிறார். கார் விஷயத்தில் வாயைத் திறந்தால் மூடமாட்டார்.

"காயில்ஓவர் போடு குட்டி. இருக்கறதுலயே கெட்டியான ஸ்பிரிங்கா பாத்துப் போடு. கார் ஆடவே கூடாது. தரையோட தரையா இறக்கிடு."

நாற்பதைத் தாண்டினாலும் அவருக்கு இவள் குட்டிதான்.

"காயில்ஓவர்னா என்ன மச்சான்?" என்று கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்தார். "மாப்ள, நீங்க போய்க் கண்ணாடி மாட்டுங்க."

நான் கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்கிறவன். உண்மைதான். ஆனாலும் சுருக்கென்றது. அவர் போனபின் அவளே படம் போட்டுக் காட்டினாள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே உருளை. வெளியே திருகு மரை ஓடுகிறது. வளையத்தைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். நல்ல வகையில் தலைப்பக்கம் ஒரு குமிழும் இருக்கும். அதைத் திருப்பினால் ஷாக் இறுகும், தளரும். இவ்வளவுதானே! இதைச் சொல்ல என்ன கேடு அவருக்கு?

மார்ச் 17, ஞாயிறு

மச்சான் தன்னிடம் சும்மா கிடந்த பழைய காயில்ஓவர் செட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லி மாட்டிவிட்டார். பந்தயத்துக்கென்றே செய்த கெட்டி வகை. சும்மா சொல்லக்கூடாது, கார் தரையில் பதுங்கிய பூனை மாதிரி நிற்கிறது. தெருவே திரும்பிப் பார்க்கிறது.

உட்கார்ந்து போனால்தான் தெரிகிறது. தெருமுனை வேகத்தடையில் காரின் அடிவயிறு தேய்ந்தது. என் பற்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன.

மார்ச் 24, ஞாயிறு

பயிற்சிக்காக மலைப்பாதையை அடைத்துத் தந்திருந்தார்கள். பெரிய வளைவின் ஓரம் நின்று போனில் படம் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அங்கே வரும்போது வேகத்தைக் குறைத்தாள். போன வருஷத்தைவிட மெதுவாக.

மச்சான், "பழகிடும், பயப்படாத" என்றார்.

வரும் வழியில் சொன்னாள்: "எனக்குப் பயம் வந்துடுச்சுங்க. வயசாயிடுச்சு போல. விட்டுடலாமா?"

வயசாம். என்ன வயசு? நாளெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் அழுகிற குழந்தைகளுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாளே, அந்தக் கைக்கா பயம்? நான் நம்ப மாட்டேன். நம்பவே மாட்டேன் போ.

மார்ச் 25, திங்கள்

கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். பெரிய வளைவில் ரோடு பெயர்ந்து அலை அலையாகக் கிடக்கிறது. கார் அதன்மேல் வரும்போது பின்சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே — வெளிச்சம்! திரும்பத் திரும்பப் பார்த்தேன். சக்கரம் தரையிலேயே இல்லை. கெட்டி ஸ்பிரிங் மேட்டில் அடிபட்டுத் தூக்கிவிடுகிறது, பள்ளத்தில் இறங்க மாட்டேன் என்கிறது. தரையில் இல்லாத சக்கரத்தை வைத்துக்கொண்டு யார்தான் காரைத் திருப்புவது?

சாயங்காலம் அவளிடம் காட்டினேன். நின்றபடியே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அப்ப காரணம் நான் இல்ல," என்றாள்.

"நீ இல்ல. சக்கரம் தூக்கறது உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, அதான் ஆக்ஸிலேட்டர்லருந்து காலைத் தூக்கியிருக்க."

இன்றைக்கு என் கையிலிருந்து இரண்டு தடவை தோசைக்கரண்டி கீழே விழுந்தும் அவள் திட்டவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

வாரம் முழுக்க வீட்டில் காயில்ஓவர் பேச்சுத்தான். மச்சான் சொல்கிற கெட்டி வகை வேண்டாமென்று தள்ளிவிட்டாள். இன்னொன்றில் உயரத்தை மட்டும் மாற்றலாம், குமிழ் கிடையாது, அதையும் தள்ளினாள். மிச்சமிருந்தது, ரோட்டுக்கும் பந்தயத்துக்கும் பொதுவானது. ஸ்பிரிங் கொஞ்சம் மென்மை, ஷாக் ஏறி இறங்க நிறைய இடம், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் குமிழ்.

விற்கிறவரிடம் போனில் அவள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காரின் எடை, டயரின் அளவு, ரோடு பெயர்ந்து கிடப்பது எல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க சொல்ற உயரத்துக்கு இறக்கினா ஷாக் இறங்க மிச்சம் இடம் எவ்வளவு இருக்கும்? அதச் சொல்லுங்க மொதல்ல," என்றாள். அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம். பிறகு மரியாதை கூடிவிட்டது போல. இவள் "பரவால்லங்க, பாத்துட்டே சொல்லுங்க" என்றாள்.

வாங்குவது என்று முடிவானதும் மச்சானுக்குச் சொன்னாள். அவர் குரல் எனக்கே கேட்டது. "மெத்தையா வாங்கற? தூங்கவா போற?"

"அண்ணா, நான் ரோட்டப் பாத்து வாங்கறேன். பாக்கறவங்களப் பாத்து இல்ல."

நான் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். இப்படிப் பேசுவாள் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 13, சனி

மச்சான்தான் மாட்டிக்கொடுத்தார். முணுமுணுத்தபடியேதான். ஆனால் வேலையில் குறை வைக்கிற ஆள் இல்லை. முன்பக்கம் ஒரு தட்டல் சத்தம் கேட்டதும் முழுக்கக் கழற்றி மறுபடி மாட்டினார். "இன்னும் இறக்கட்டுமா?" என்று கடைசிவரை ஆசையாகக் கேட்டார். "வேணாண்ணா."

ஏப்ரல் 21, ஞாயிறு

மறுபடி பயிற்சி. முதலில் ஒரே குழப்பம். முன் குமிழ், பின் குமிழ், டயர் காற்று, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, "நல்லா இருக்கா இல்லையான்னே தெரியலங்க," என்று தலையைப் பிடித்துக்கொண்டாள்.

இது எனக்குத் தெரிந்த தலைவலி. ஒரே நேரத்தில் இரண்டு கண்ணுக்கும் லென்ஸ் மாற்றினால் யாருக்கும் இப்படித்தான். "நீ ஓட்டு, குமிழ நான் பாத்துக்கறேன்," என்றேன். ஒரு தடவைக்கு ஒரே ஒரு குமிழ். எந்தப் பக்கம் திருப்பினேன் என்று சொல்லமாட்டேன். போய்விட்டு வந்ததும் ஒரே கேள்வி: "இது நல்லாருக்கா, முன்ன இருந்தது நல்லாருந்ததா?"

"என்னையே கண் டெஸ்ட்டுக்கு உக்கார வெச்சுட்டீங்களே!" என்று சிரித்தாள். ஆனால் பதில் பிசகாமல் வந்தது. பின்பக்கத்தைத் தளர்த்தினால் "இது", இறுக்கினால் "முன்னது". ஒருமுறை குமிழைத் தொடாமலேயே திருப்பினதாகப் பாவனை செய்தேன். இறங்கி வந்து, "ஏமாத்தாதீங்க, ஒண்ணும் மாறல," என்றாள்.

மதியத்துக்குள், "போதும். இதுதான். இனி யாரும் தொடக்கூடாது," என்றாள்.

மே 11, சனி

நாளை பந்தயம். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

மே 12, ஞாயிறு

சட்டைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். பரவாயில்லை.

பெரிய வளைவில் நின்றேன். முதலில் சத்தம், பிறகு சிவப்பு. பெயர்ந்த இடத்தில் சக்கரங்கள் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் தொட்டுத் தொட்டு ஓடின. மேலே கார் அசையவில்லை. என்ஜின் சத்தம் இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை! அப்படியே போய்விட்டாள்.

பக்கத்தில் நின்ற ஒருவர், "யாருப்பா இது?" என்றார்.

"என் வீட்டுக்காரி," என்றேன். திரும்பச் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே.

அவள் பிரிவில் இரண்டாவது. மச்சான் அவளுக்குப் பின்னால். கொஞ்ச நேரம் டயரைப் பார்ப்பதுபோலத் தள்ளி நின்றுவிட்டு வந்தார்.

"குட்டி, பெரிய வளைவுல எங்க கால எடுத்த?"

"எடுக்கலண்ணா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, எடுக்கலையாம்!" என்று சொல்லி, வேர்வையோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் இருந்ததும் வேர்வைதான் என்று வைத்துக்கொள்வோம்.

மே 19, ஞாயிறு

காலையில் மச்சான் தன் காரோடு வந்தார். உள்ளே வரவில்லை. காபி வேண்டாம் என்றார். வாசலில் நின்று ஏதேதோ பேசினார், வெயிலைப் பற்றி, ரோடு வேலையைப் பற்றி. பிறகு சாவியை அவளிடம் நீட்டினார். அந்தக் காரை அவர் இன்னொருவரிடம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"ஒரு சுத்து ஓட்டிப் பாத்துச் சொல்லு. எங்க துள்ளுதுன்னு."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மச்சான் சுற்றிவந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார், பெல்ட் போட்டுக்கொண்டார், ஒன்றும் பேசாமல் இருந்தார்.