ட்ரிக்சி லாரியில் ஏற மாட்டாள்

டெஸ்,

நான் அக்கா வீட்டுக்கு ஹாவெரா வரை போகிறேன். மாலைக் கறவைக்குள் வந்துவிடுவேன். ஆட்டுக்கறி அடுப்பில் சூடாக இருக்கிறது. என் கோபமும் அப்படித்தான்.

இன்று காலை, நான் கிளம்பிய பிறகு, ஒருவர் இயந்திரத்தோடு வருவார். பால் கறக்கும் கொட்டகையின் சிமென்ட் தரையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டுவார். இனி மாட்டுக் குளம்புக்கும் நம் பூட்ஸுக்கும் பிடிப்பு கிடைக்கும். "எங்க அப்பா போட்ட தரை, இதுக்கு என்ன கொறைச்சல்?" என்று அவரைத் திருப்பி அனுப்பாதே. சாவி ரொட்டி டப்பாவுக்குள் இருக்கிறது. அவருக்கு டீ கொடு.

"ட்ரிக்சி ஒதைச்சா, இடுப்பு போச்சு" என்று டாக்டரிடமும் சொன்னாய், ஊர் முழுக்கவும் சொன்னாய். பாவம், அந்தப் பசுவை ஏற்றிப்போக அடிமாட்டு லாரிக்கும் சொல்லிவிட்டாய். நேற்று கறக்கப் போனபோது கதவோரம் நானே சறுக்கினேன். கம்பியைப் பிடித்ததால் தப்பித்தேன். குனிந்து பார்த்தால், பாசியில் உன் பூட்ஸ் வழுக்கிய தடம் ஒரு முழ நீளத்துக்கு இருக்கிறது. ட்ரிக்சி நிற்கும் இடத்திலிருந்து காலை எவ்வளவு நீட்டினாலும் அங்கே எட்டாது.

லாரிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏன், மாடு திருந்திடுச்சா?" என்று கேட்டார். "இல்ல, தரை திருந்தப் போகுது" என்றேன்.

உன் மனைவி நோலீன்

கைத்தடி இல்லாமல் கொட்டகைப் பக்கம் போகாதே.

இன்னொன்று: விழ வைத்த தரையை விட்டுவிட்டு, விழுகிறவர்களை லாரியில் ஏற்றுவதாக இருந்தால் நீதான் முதலில் போயிருப்பாய். உன்னையும் நான் அனுப்பப் போவதில்லை.