பிரேக்கை நம்பாத நண்பனுக்கு

உன் கராஜ் கதவைத் தூக்கியதும் பிரேக் ஒயில் மணந்தது. உடனே குனிந்து நான்கு சில்லுகளுக்குக் கீழேயும் கைவைத்துப் பார்த்தேன். நிலம் காய்ந்துதான் இருந்தது. பிறகு சுவர்த் தட்டில் பார்த்தால், மூடி சரியாக இறுகாத ஒரு பழைய போத்தல். காற்றுப் பட்ட ஒயில் ஈரத்தை இழுத்துவிடும் என்று நீ சொல்வாய். அதைக் கழிவுக்கு ஒதுக்கி வைத்தேன். மணத்துக்குக் காரணம் கிடைத்த பிறகும் மனம் ஆறவில்லை. உன்னோடு பழகியவனுக்கு அது அவ்வளவு சுலபமாக ஆறாது.

உன் மகள் மதுரா பின்னால் நின்றாள். "மாமா, அப்பாவின்ர ஆண்டுத் திவசத்துக்கு அம்மாவை இந்தக் காரிலதான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறன். அம்மாவும் ஓம் எண்டுட்டா. நீங்கள் ஒருக்காப் பார்த்து, சரி எண்டு சொன்னாப் போதும்."

உன் மனைவி ஓம் என்றதுதான் எனக்குப் பயம். அந்தக் கார் வந்த நாளிலிருந்து அவ அதில் ஏறியதில்லை. செயின்ட்-மிஷேலில் ஒருவரிடம் நீ அதை வாங்கினாய். நீண்ட மூக்கு, இரண்டே கதவு, எட்டு சிலிண்டர் உறுமும் அமெரிக்கப் பழசு. முன்னைய சொந்தக்காரர் ஸ்பிரிங்கை மாற்றி, நிலத்தோடு ஒட்டுகிற மாதிரி அதைப் பதித்திருந்தார். இயந்திரத்தில் அத்தனை பலம், நிறுத்துவதற்கோ அந்தக் காலத்து டிரம் பிரேக். சிவப்பு விளக்கில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு யோசித்து யோசித்துத்தான் நிற்கும். "ஓடுறதுக்கு வாங்கினீங்களோ, ஒழுங்கையில கும்பிடுறதுக்கு வாங்கினீங்களோ?" என்று உன் மனைவி வாசலில் நின்று கேட்டது நினைவிருக்கிறதா?

முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் போடுவது என்று அன்றே முடிவெடுத்தாய். பெட்டியில் அடைத்து முழுத் தொகுதியாக விற்பதன் விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு இன்னொரு கார் வாங்கலாம் மச்சான்" என்றாய். அதே கம்பனியின் பிந்திய குடும்பக் காரொன்றின் பாகங்கள் இதற்குப் பொருந்தும் என்று தேடிப் பிடித்தாய். செயின்ட்-லோரன்ட்டில் விமானப் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலை உனக்கு. அந்தக் கண்ணோடுதான் பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்துக்குள் நுழைந்தாய், கூடவே உன் காரின் சில்லொன்றை உருட்டிக்கொண்டு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பர் அந்தச் சில்லுக்குள் அடங்குமா என்று அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

கடைக்காரத் தம்பி மட்டக்களப்பு. சிரித்துக்கொண்டே, "அண்ணன், இது புதுசு மாதிரி" என்றான்.

"புதுசு மாதிரி எண்டால் பழசு" என்றாய் நீ.

"கையால தொட்டுப் பாருங்களன்."

"தொட்டுப் பாக்கத்தான் வந்தனான். உம்மட சிரிப்பைத்தான் தொட்டுப் பாக்கேலாமக் கிடக்கு."

அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. டோர்ச் அடித்து வெடிப்புத் தேடிக்கொண்டிருந்தாய். வெளியே வரும்போதுதான் உன் விதியைச் சொன்னாய்: "இரும்பு பழசு வாங்கலாம். ரப்பரும் தேயிறதும் புதுசு." அப்படியே டிஸ்க் தட்டு, பிரேக் கட்டை, ரப்பர் குழாய், ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிதாக வந்தன. மிச்சம் அந்தத் தம்பியிடம் வாங்கிய பழசு.

எல்லாம் பூட்டியும் பிரேக் மிதி பஞ்சுபோல அமுங்கியது. நான் உள்ளே இருந்து மிதிக்க, நீ கீழே, குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியே விடும் ஆணியைத் திறந்து மூடினாய். ஒயில் வந்ததே தவிர, மிதி இறுகவில்லை. முதலில் கடைக்காரனைச் சந்தேகித்தாய். பிறகு புது மாஸ்டர் சிலிண்டரை. பிறகு, பள்ளிக்கூட மாஸ்டரான என் காலையே. "மாஸ்டர், நீர் மிதிக்கிறீரோ, தடவுறீரோ?"

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் ஊசியில்லாத சிரிஞ்சைக் கொடுப்பேன். தண்ணீர் நிறைத்து வாயை அடைத்தால் அமுங்காது, ஒரு காற்றுக் குமிழி இருந்தால் அமுங்கும். குமிழியோ எப்போதும் மேலேதான் போய் நிற்கும். இந்த உதாரணத்தை உனக்குச் சொன்னேன். நீ திரும்பிக் கலிப்பரைப் பார்த்தாய். மேலே இருக்கவேண்டிய காற்று விடும் ஆணி கலிப்பரின் அடிப்பக்கத்தில் இருந்தது. வலது கலிப்பரை இடதிலும் இடதை வலதிலும் பூட்டியிருந்தோம். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தியதால் நாங்கள் சந்தேகிக்காத இடம் அது ஒன்றுதான். நீ கிறீஸ் கையோடு நிலத்தில் குந்தியிருந்து விழுந்து விழுந்து சிரித்தாய். "பொருந்துது எண்டதைத்தான் மச்சான் முதல் சந்தேகப்படவேணும்."

அந்தக் கோடையில் கார் நேராக நின்றது. அதன்பின் நீ நோயில் விழுந்தாய். கடைசி வசந்தத்தில் முன்சில்லுகளின் ரப்பர் குழாய்களைத் தனியாக மாற்றியதாக ஒரு நாள் தொலைபேசியில் சொன்னாய். என்னைக் கூப்பிடவில்லை. உன் கை நடுங்கத் தொடங்கியிருந்த காலம் அது.

அதைத்தான் மதுராவிடம் சொல்லாமல் சொல்ல முயன்றேன். "குழாயை ஒருக்காப் பாப்பம்."

"மாமா, அப்பா செய்தது. அப்பாவையே நம்பமாட்டீங்களோ?"

ஜாக்கியில் காரை உயர்த்தினேன். ஆணிகள் எல்லாம் அளவாக இறுகியிருந்தன. உன் கை நடுங்கியிருந்தாலும் வேலை நடுங்கவில்லை. குழாய் எதிலும் முட்டாமல் அழகாகத் தொங்கியது. "சே பொன், மாமா?" என்று, சரிதானே என்பதைப் பிரெஞ்சில் கேட்டாள் மதுரா. ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் அந்த அழகு என்னை உறுத்தியது. ஜாக்கியில் தூக்கினால் சில்லு கீழே தொங்கும். தாழ்த்திய காரை நிலத்தில் விட்டால் சில்லு உள்ளே ஏறிவிடும். கோயிலுக்குப் போவது ஜாக்கியில் அல்லவே.

காரை இறக்கி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாகத் திருப்பச் சொன்னேன். நிலத்தோடு படுத்து டோர்ச் அடித்தேன். குழாய் மடிந்து வெளியே பிதுங்கி, ரயரின் உட்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட இடத்தில் ரப்பர் பளபளவென்று தேய்ந்திருந்தது. குழியில் சில்லு இறங்கும்போது குழாய் இழுபட்டு அறுந்துவிடுமோ என்று சந்தேகித்து, நீ ஒரு பிடி நீளமாக வாங்கியிருக்கிறாய். அந்த நீளமே வினையாகிவிட்டது.

மதுராவும் படுத்துப் பார்த்தாள். கனநேரம் எழும்பவில்லை. "அப்பாவுக்குத் தெரியாமப் போச்சோ?"

"சில்லு தொங்கும்போது என்ன நடக்கும் எண்டு அப்பா யோசிச்சவர். கார் குந்தும்போது பாக்கிறதுக்குக் கீழ படுக்க அவரால ஏலாமல் இருந்திருக்கும், பிள்ளை."

அவள் முகத்தைத் துடைத்தாள். கிறீஸ் கன்னத்தில் இழுபட்டது.

இரு பக்கமும் சரியான நீளக் குழாய் பூட்டி, நடுவில் ஒரு பிடிப்பும் வைத்து, காற்று விட்டு முடித்தேன். மிதி கல்லுப்போல நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, இனி அம்மாவை ஏத்தலாம்" என்றேன்.

மதுரா அசையவில்லை. "மாமா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் செய்ததை நான் ஒருக்காப் பாக்கட்டோ?"

சுருக்கென்றது. நாற்பது ஆண்டு பிறர் விடைத்தாளைத் திருத்தியவனுக்கு அந்தக் கேள்வி இனிக்காது. உன் குழாயை நான் சோதித்தபோது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். டோர்ச்சை அவளிடம் கொடுத்தேன். அவள் காரை நிலத்திலேயே வைத்து, இடமும் வலமும் திருப்பி, இரண்டு பக்கமும் படுத்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

திவசத்தன்று காலை ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்து வெறுமையான கார் தரிப்பிடத்தில் முதலில் ஓட்டிக் காட்டினாள். உன் மனைவி முன்னாசனத்தில், மடியில் பூத்தட்டு. மதுரா வேகம் எடுத்துப் பிரேக்கை மிதித்தாள். கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. தட்டில் ஒரு பூவும் சரியவில்லை. உன் மனைவி கண்ணாடியை இறக்கி, "இவ்வளவு நாளும் வீணா நடந்து திரிஞ்சிருக்கிறன்" என்றா.

நான் என் காரில் பின்னால் போனேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர்களின் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் போனேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான் நண்பா: பிரியமானவர்கள் முன்னால் போகும்போது வருகிற இந்தப் பொல்லாத சந்தேகப் பார்வை. இதை இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.