பத்தொன்பது நாள் ஒரே எண்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுவது. போனில் பேசாமல் கடிதம் போடுகிறாளே, என்ன வம்போ என்று முதல் வரியிலேயே பயந்துவிடாதீர்கள். இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அங்கே உங்கள் அக்கா வீட்டிலும் அப்படித்தான் என்று நம்புகிறேன். முழங்காலுக்கு நான் வாங்கி அனுப்பிய பட்டையைக் கட்டுகிறீர்களா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா தெரியவில்லை. கட்டுங்கள்.

முதலில் சிரிக்கிற சேதி. நாற்பத்தாறு வயதில் நான் காலேஜில் சேர்ந்திருக்கிறேன். பொது சுகாதாரத்தில் முதுகலை, இரண்டு வருடம், எல்லாம் ஆன்லைனில். இருபத்தொரு வருடம் சுகாதார ஆய்வாளராகத் தெருத்தெருவாக அலைந்தது போதாதாம். சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் இந்தப் படிப்பு வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சனி, ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை வகுப்பு. எங்கள் வீட்டில் நெட் ஒழுங்காக வருகிற ஒரே இடம் பின்னறையில் வாஷிங் மெஷின் பக்கம்தான். அதன்மேல் லேப்டாப்பை வைத்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். முதல் வாரம் துணியைப் போட்டுவிட்டு மறந்துபோய் மெஷினையும் ஓடவிட்டேன். நான் திரையில் கிடுகிடுவென்று ஆடுவதைப் பார்த்து, அக்கா உங்க வீட்டுல நிலநடுக்கமா என்று ஒரு நர்ஸ் கேட்க, முப்பது பேரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. காலேஜ் பொண்ணு இன்னும் எந்திரிக்கலையா என்றுதான் தினமும் எழுப்புகிறார்.

பாடம் எடுப்பவருக்கு நான் வைத்த பெயர் கறார் மேடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒரு எண்ணைச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது, யார் எண்ணியது, எப்போது எண்ணியது என்று குடைந்து எடுத்துவிடுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் ஒரு ஆய்வு எழுதித் தர வேண்டும். நாம் வேலை பார்த்த இடத்தில் நோய் பரவிய ஒரு சம்பவத்தை எடுத்து, பழைய காகிதங்களை வைத்துக்கொண்டு, இன்றைக்கு நடந்ததுபோல முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் அண்ணி. ஒன்பது வருடத்துக்கு முன் நம் இரண்டு தெருவிலும் வாந்திபேதி வந்து முப்பத்தெட்டுப் பேர் படுத்ததும், அதில் மூன்று பிள்ளைகள் எழுந்திருக்காததும்.

அந்த மூவரில் உங்கள் மகள், வாய் ஓயாததால் அரட்டை என்று கூப்பிடுவோமே, அவளும் ஒருத்தி. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். போனில் கேட்கலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். அந்த வருடத்துப் பேச்சை எடுத்தாலே உங்கள் பக்கம் மட்டும் சிக்னல் போய்விடுகிறது. கோபமாகச் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் போனையே தூக்கிப் போட்டிருப்பேன்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், எலிக்காய்ச்சல் கதை ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல் இருக்கிறார். பஸ் ஓட்டுகிறார், வந்து டிவியைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு பார்க்கிறார். முதலில் பெற்றவளைக் கேட்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

முழங்காலும் மனசும் நோகாமல் நீங்கள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
உங்கள் வாய்த்துடுக்கு நாத்தனார்


அன்புள்ள அண்ணிக்கு,

எழுதிக்கோ, அவ பேரு மட்டும் போடாதே என்று நீங்கள் அனுப்பிய ஒற்றை வரிக் கடிதம் கிடைத்து நான்கு மாதம் ஆகிறது. போடவில்லை. ஆய்வில் யாருக்குமே பெயர் கிடையாது, எண்தான். அவள் பதினேழு.

இந்தக் கடிதத்தில் முக்கியமான வரி ஒன்றுதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு படிக்கப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடுங்கள். அண்ணி, அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் நீங்கள் வாங்கிக் கொடுத்த ஐஸ் அவளைக் கொல்லவில்லை.

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது என்பது உங்களுக்கே தெரியும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அப்போது இரண்டு தெருவிலும் நூற்று நாற்பத்தொரு பேரிடம் விசாரித்துப் படிவம் நிரப்பினோம். ஆனால் படுத்தவர்களின் படிவத்தை மட்டும்தான் பார்த்தோம். அதில் பதினான்கு பேர் ஐஸ் சாப்பிட்டதாக இருந்தது. ஐஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். நன்றாக இருந்தவர்களின் படிவத்தைக் கயிறு போட்டுக் கட்டிப் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டோம். படுக்காதவனையும் அதே கேள்வி கேட்காமல் நீ எப்படி முடிவுக்கு வந்தாய் என்பது கறார் மேடத்தின் முதல் பாடம். ஆபீஸில் சொல்லி அந்தக் கட்டை இறக்கினேன். கயிறு தொட்டதும் அறுந்துவிட்டது.

ஐஸ் சாப்பிட்டவர்கள் மொத்தம் ஐம்பத்திரண்டு பேர். அதில் படுத்தவர்கள் பதினான்கு. ஐஸைத் தொடாதவர்கள் எண்பத்தொன்பது. அதில் படுத்தவர்கள் இருபத்துநான்கு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர். ஐஸ் சாப்பிட்டாலும் ஒன்றுதான், சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு ஞாயிறு முழுக்கத் திரும்பத் திரும்ப எண்ணினேன், மாறவே இல்லை. பிறகு யார் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று பிரித்தேன். படுத்த முப்பத்தெட்டில் முப்பத்தாறு பேர் கிழக்கு டேங்க் தண்ணீர் குடித்தவர்கள். மிச்சம் இரண்டும் மேற்குத் தெருப் பிள்ளைகள், ஆனால் கிழக்கில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவை, அங்கேயும் அதே டேங்க் தண்ணீர்தான். மேற்கு டேங்க் தண்ணீரை மட்டும் குடித்தவர்களில் ஒருவர்கூடப் படுக்கவில்லை.

தண்ணீர்தான் என்று அப்போதே ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். தோன்றியது. பெரிய அதிகாரி வந்ததும் முதலில் கேட்டதே தண்ணீர் ரிஜிஸ்டரைத்தான். குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று பார்த்துத் தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று தினமும் எழுத வேண்டும். அது என் வேலை. ரிஜிஸ்டரில் நாள் தவறாமல் பாயிண்ட் அஞ்சு என்று இருந்தது. அதுதான் இருக்க வேண்டிய அளவு. தண்ணி சரியா இருக்கே, வெளியில என்ன சாப்பிட்டாங்கன்னு பாருங்க என்று சொல்லிவிட்டு அவர் மூடி வைத்தார்.

அந்த மாதம் சொட்டு மருந்து தீர்ந்து போயிருந்தது அண்ணி. ஸ்டோரில் கேட்டேன், அடுத்த வாரம் வரும் என்றார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் மேலிடத்திலிருந்து மெமோ வரும். அதனால் நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதினேன். எல்லா ஆபீசிலும் எல்லாரும் செய்கிற காரியம்தான், தப்பு என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. அப்படிப் பத்தொன்பது நாள் எழுதினேன். அத்தனையும் என் கையெழுத்து.

இது எனக்கு எப்போது உறைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் கறார் மேடம் திரையில் இரண்டு வரிசை எண்களைக் காட்டி, ஒன்று நிஜமாக அளந்தது, ஒன்று உட்கார்ந்த இடத்தில் எழுதியது, எது எது என்று கேட்டார். முப்பது பேரும் முழித்தார்கள். வாயே திறக்காத நான் சட்டென்று இரண்டாவதுதான் பொய் என்று சொல்லிவிட்டேன். அளந்த எண் ஒரே இடத்தில் நிற்காது, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்று அவர் கேட்டதும், நெட் போய்விட்டதுபோல மைக்கை அணைத்துவிட்டு வாஷிங் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் பழைய ரிஜிஸ்டரைத் தேடிப் போனேன்.

அப்போது கிழக்கு டேங்கில் தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாரே, நாம் தண்ணி மாமா என்போமே, அவரையும் போய்ப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளின் செருப்புக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த மாதம் வந்த பிளீச்சிங் பவுடர் மூட்டை மழையில் நனைந்து கட்டி தட்டிப் போயிருந்ததாம். வாசனையே இல்லையாம். இதுல சத்து இருக்குமான்னு எனக்கும் சந்தேகந்தாம்மா, ஆனா நீ தினமும் பாயிண்ட் அஞ்சுன்னு எழுதினியே, அப்ப சரியாத்தான் இருக்குன்னு கலக்கி விட்டுட்டேன் என்றார். அவர் என் எண்ணை நம்பியிருக்கிறார்.

உங்களை எனக்குத் தெரியும். இந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் விட்டேனே என்று அடுத்ததைப் பிடித்துக்கொள்வீர்கள். அதற்கும் இடம் கிடையாது. நீங்கள் கொதிக்க வைத்துக்கொண்டுதான் இருந்தீர்கள். உங்கள் அடுப்படியில் நின்றுகொண்டு, நான் தினமும் பாத்து எழுதுற தண்ணிய நீங்க கொதிக்க வெச்சா எனக்கு அவமானம் அண்ணி, கேஸ் தண்டம் என்று கிண்டல் செய்து நிறுத்தியவள் நான். நீங்கள் சிரித்துக்கொண்டே அடுப்பை அணைத்தீர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் படிவத்தை வைத்துக்கொண்டு, மூணு நாளா வெளியில என்ன வாங்கிக் குடுத்தீங்க என்று அத்தனை பேர் முன்னால் உங்களைக் கேட்டதும் நான்தான். ஐஸ் என்று நீங்கள் சொன்னதை அண்ணன் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் அப்புறம் வீட்டில் வைத்துச் சொன்ன அந்த ஒரு சொல், நான் அந்த வராந்தாவில் ஆரம்பித்து வைத்தது. நீங்கள் பெட்டியோடு கிளம்பியபோது, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று உங்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தவளும் நான். இதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

ஐஸ்காரரையும் தேடிப் பிடித்தேன். அப்போது வண்டியைப் பிடுங்கிக்கொண்டோம் அல்லவா. இப்போது ஒரு ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொல்லி விசில் ஊதும் வேலை. விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மூணு புள்ளைங்களக் கொன்னவன்னு நெனச்சுக்கிட்டுத்தாம்மா ஒம்பது வருஷமா சோறு தின்னேன் என்றார். பிறகு, அந்தப் பேசிக்கிட்டே வர்ற பாப்பாவோட அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா என்று கேட்டார். மொதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க என்றார்.

எல்லாவற்றையும் ஆய்வில் எழுதிவிட்டேன். அந்தப் பத்தொன்பது எண்களும் அளக்கப்படாதவை, எழுதியவள் நானே என்று ஒரு வரி தனியாகப் போட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுக் கறார் மேடம் போனில் கூப்பிட்டு, இதோட விளைவு தெரியுமில்ல என்று கேட்டார். தெரியும் என்றேன். ஆபீசிலும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி விசாரணை. சூப்பர்வைசர் கனவை மறந்துவிட வேண்டியதுதான், இருக்கிற வேலையும் நிற்குமா தெரியாது. எங்கள் வீட்டுக்காரர் இப்போது என்னைக் காலேஜ் பொண்ணு என்று கூப்பிடுவதில்லை. அன்றைக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நீங்கள் எனக்காக வருத்தப்பட வேண்டாம். வருத்தப்படுவீர்கள் என்ற பயத்தில்தான் சொல்கிறேன், நீங்கள் அப்படிப்பட்டவர்.

அண்ணனிடம் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. எழுந்துபோய்ச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார். அவகிட்ட எழுதப் போறியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீங்களே பேசுங்களேன் என்று போனை நீட்டினேன், எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பேசறது என்றார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, என் நம்பர் மாறலன்னு மட்டும் எழுது என்றார். எழுதிவிட்டேன்.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க உட்காரவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. பதில் போடாவிட்டாலும், இனி ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாலும் சரிதான், நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஐஸ் வண்டி மணி கேட்டால் நீங்கள் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறீர்கள் என்று உங்கள் அக்கா ஒரு தடவை போனில் சொன்னார். இனிமேல் போகாதீர்கள். ஒரு நாள் அந்த வண்டிக்குப் பக்கத்தில் போய், அவள் கேட்பாளே அந்த ஆரஞ்சு நிற ஐஸ், அதில் ஒன்று வாங்கி, நின்று நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் சாப்பிடுங்கள். அன்றைக்கு அவள் ஆசையாகக் கேட்டாள், நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்தீர்கள். அண்ணி, அவ்வளவுதான் நடந்தது.

இப்படிக்கு,
உங்கள் அடுப்பை அணைக்கச் சொன்ன
நாத்தனார்