வேனுக்குக் கார் டயர்

வெள்ளிக்கிழமை, இரவு

அப்பா தன் பழைய கேம்பர் வேனுக்கு அகலமான ரிம்மும் கார் டயரும் மாட்டிவிட்டார். பார்க்க அழகாம்! கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிய வேனைக் கார் டயர் தாங்காது என்று, கதவில் ஒட்டியிருக்கும் டயர் அளவைக் காட்டினேன்.

“அந்தப் பழைய ஒல்லி டயரு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போறப்ப மட்டும் போதும்லா, மெக்கானிக்கம்மா!” என்று சிரித்தார்.

வளைவில் திரும்பும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசுகிறது. “பாட்டச் சத்தமா வை, கேக்காது” என்கிறார்.

நாளை பத்தாங் காலி வழியாக மலையேறப் போகிறோம். இறக்கத்தில் டயர் வெடித்தால்? நான் வரவில்லை என்றேன். “சரி, தம்பி முன்னால உக்காரட்டும்” என்றார். தம்பி குதிக்கிறான்.

வேன் சாவியை என் பள்ளிப் பைக்குள் ஒளித்துவிட்டேன். கூடத்தில் அப்பா, “சாவிய எங்கடி வச்ச?” என்று அம்மாவிடம் கத்துகிறார். அவர் இந்தப் பக்கம் வருவதற்குள் விளக்கை அணைத்துவிட—