ஒரு 'பெ' வேண்டி

அனுப்புநர்
துணி மாற்றித் தைக்கும் அக்காவின் மகள், பத்தாம் வகுப்பு
('வாலு எங்கே' என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்),
மாடிப்படிக்கு அடியில் உள்ள கடை,
சந்தை வளாகம்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சந்தை வளாகக் கழிப்பறைக் கதவில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி எழுதித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

தங்கள் அறை வாசலில் 'ஆணையர்' என்று மட்டும் இருப்பதால் இப்படி எழுத வேண்டியதாயிற்று. சொல்லின் தொடக்கத்தில் ஆண் நின்றாலும், ஆணையிட ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என அறிவேன். எங்கள் குறையும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது.

1. சந்தையின் பின்பக்கம் அடுத்தடுத்து இரண்டு கழிப்பறைகள் உள்ளன. சென்ற முறை பெயின்ட் அடித்தபோது இரண்டு கதவுகளிலும் 'ஆண்கள்' என்று எழுதிவிட்டார்கள். பெயின்டர் அண்ணனை விசாரித்தேன். எழுத்து வெட்டிய தகடு ஒன்றைத்தான் கொடுத்து அனுப்பினார்களாம். அதையே இரண்டு கதவிலும் வைத்து அடித்துவிட்டாராம். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. தகட்டின் மேல்தான்.

2. அன்றிலிருந்து வாட்ச்மேன் மாமா பெண்களை இரண்டு கதவுக்குள்ளும் விடுவதில்லை. "கதவுல என்ன எழுதியிருக்கோ அதாம்மா சட்டம்" என்கிறார். அவசரம் என்றால் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பெரிய சாலையைத் தாண்டிப் பேருந்து நிலையத்துக்கு ஓட வேண்டும். திரும்பி வருவதற்குள் வந்த வாடிக்கையாளர் போயிருப்பார். சாவி வெட்டும் அத்தையால் திறக்க முடியாத பூட்டு இந்தச் சந்தையில் கிடையாது. திறந்து கிடக்கும் கதவுக்குள்தான் அவரால் போக முடியவில்லை. ஆகவே இங்குள்ள பெண்கள் எல்லோரும் சுலபமான ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

3. என் அம்மாவும் அவர்களில் ஒருவர். நான் காலையில் நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் மாலையில் அப்படியே வீடு திரும்பும். இருமுறை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் படுத்துவிட்டார். அடுத்த முறை வந்தால் சிறுநீரகத்தையே பாதிக்கும், மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா கண்டித்து அனுப்பினார். அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்து, நிரம்பிய பாட்டிலைத் தையல் மெஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தார்.

4. எனவே பெண்கள் கூடிச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். பெயர் வைத்தது நான்: 'தண்ணி குடிப்போர் சங்கம்'. வியாபாரிகள் சங்கத் தலைவர் பெயரைக் கேட்டுப் பதறிவிட்டார். இது அவர் குடிக்கும் தண்ணி அல்ல என்று விளக்கிய பிறகே அமைதியானார். சங்கத்தார் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து முறையிட்டபோது, எழுத்தர் ஐயா நிமிர்ந்து பார்க்காமலே, "வாயால சொன்னா எப்படிம்மா? எழுத்துல குடுங்க, பார்க்கலாம்" என்றார். நியாயம்தானே? அன்று மாலையே செருப்புப் பெட்டி மூடியில் 'பெ' என்று ஓர் எழுத்தை வெட்டி, கறுப்புச் சாயம் பூசி, இடப்பக்கக் கதவில் 'ஆ' மேல் ஒட்டினேன். மற்ற மூன்று எழுத்துகளும் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

5. மறுநாள் நடந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். மீன்கார அக்கா கதவின் முன் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மீன் விலை கூவும் அதே குரலில் சங்கத்தையே கூப்பிட்டார். தராசு, கத்தரி, சாவிக்கொத்து எல்லாம் அந்தந்த இடத்தில் நிற்க, வரிசை வாசல் வரை வந்துவிட்டது. பெண்கள் யாரும் டீ குடிப்பதில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்த டீ மாஸ்டர் பகலிலேயே இரண்டாம் முறை பால் வாங்க ஓடினார். இன்று சங்கத்தின் ஒரே ஆண் உறுப்பினர் அவர்தான். பழக்கதோஷத்தில் உள்ளே போக வந்த பழக்கடை மாமா, எழுத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே பக்கத்துக் கதவுக்குப் போனார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அம்மா பாட்டிலை முழுக்கக் குடித்துவிட்டு, கடைக்கு வெளியே நின்ற எனக்குக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுதான் விழுந்தது. பரீட்சையில்கூட நான் அப்படிக் குதித்ததில்லை. குதிக்கும்படி மதிப்பெண் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

6. இந்த நிலையில், நகராட்சி எழுதாத எழுத்து செல்லாது என்று வாட்ச்மேன் மாமா பிளேடால் என் 'பெ'யைச் சுரண்டினார். சுரண்டிய வேகத்தில் அடியில் இருந்த 'ஆ'வும் பெயர்ந்து வந்துவிட்டது. இப்போது கதவில் 'ண்கள்' என்று இருக்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் 'ண்' என்று தொடங்காது என எங்கள் தமிழ் டீச்சர் உறுதியாகச் சொல்கிறார். ண்கள் யார் என்று தெரியாததால் மாமா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நானும் பள்ளி விட்டதும் வந்து காத்திருந்து பார்க்கிறேன். ண்கள் ஒருவரும் வரவில்லை. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக என் மீது அவர் தங்களிடம் புகார் கொடுத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஒட்டியது நான், சுரண்டியது நான் அல்ல.

7. ஆகவே, இடப்பக்கக் கதவில் 'பெ' என்று நிரந்தரமாக எழுதி, பூட்டைத் திறந்துவிட ஆணையிடும்படி வேண்டுகிறேன். எனக்குத் தண்டனை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அந்த எழுத்தை நானே பெயின்ட் அடிக்கும்படி தண்டிக்கவும். பெயின்டர் அண்ணன் தூரிகை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சங்கத்துப் பெண்கள் அனைவரும் பின்பக்கம் கையெழுத்திட்டுள்ளனர். தாளில் மீன் வாசம் அடித்தால் பொறுத்தருளவும். முதல் கையெழுத்து அக்காவுடையது. எழுத்தர் ஐயா கேட்டபடி, இம்முறையும் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம்.

அம்மாவின் பாட்டில் இன்று மறுபடியும் மெஷினுக்கு அடியில், கழுத்து வரை நிரம்பி நிற்கிறது. தங்கள் ஆணை வந்ததும் குடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, சற்று விரைந்து கையெழுத்திடவும்.

நாள்: சந்தை கூடும் சனிக்கிழமை
இடம்: பூட்டிய கதவுக்கு எதிர்ப்படி

உண்மையுடனும் சிறிது வாலுடனும்,
(ஒப்பம்) வாலு

இணைப்பு: 'பெ' – ஒன்று. (புதிதாக வெட்டியது. பின்புறம் பசை தடவப்பட்டுள்ளது, ஒட்டினால் போதும்.)