செருப்பு மாட்டும் நேரம்

நேற்று சாயங்காலம் நம் மகள் உன் மேசை இழுப்பறையைக் குடைந்து, அந்தச் சின்ன ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். டிவி ரிமோட்டில் இருந்த பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். உயிர் வந்துவிட்டது. அதற்குள்ளிருந்து, பெரிய அதிகாரி மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு நீ கேட்கிறாய்: "அண்ணே, உங்க பிள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல போடப் போறீங்க? ஏன்?" அதற்கு நான், "பிள்ளையே இன்னும் பொறக்கல லா, அதுக்குள்ள பள்ளிக்கூடமா" என்கிறேன். நீ சிரிக்கிறாய். "சரிண்ணே, ஆஃப் பண்ணிடுறேன்" என்கிறாய். அவ்வளவுதான்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஊர் ஊராகப் போவதற்கு முன்னால், கேள்விகளை என்னிடம் ஒத்திகை பார்த்த நாள் அது. கட்டிய புருஷனை அண்ணே என்று கூப்பிட்டவள் ஈப்போவிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். மகளுக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. சொன்னேன். திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். பதிவு இந்த வாரத்தோடு முடிகிறது. அன்று நீ விளையாட்டாகக் கேட்ட கேள்வி இப்போது என் கழுத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பெற்றோர் பிள்ளையை ஏன் தமிழ்ப்பள்ளியில் போடுகிறார்கள், ஏன் சீனப்பள்ளியில், ஏன் தேசியப் பள்ளியில் என்பதுதான் உன் ஆராய்ச்சி. இதற்கெல்லாமா டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள் என்று கிண்டல் செய்துகொண்டேதான் உனக்குக் கார் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சிலிபினில் ஏசி ரிப்பேர் செய்யும் என் ஏர்கோன் பட்டறையை மூடிவிட்டு, செமோருக்கோ கோலா கங்சாருக்கோ போவோம். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய மலிவு விலை வீடுகள். நீ உள்ளே பேசுவாய்; படித்தவள் என்று எல்லாரும் உன்னை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். நான் காரில் சாய்ந்துகொண்டு நிற்பேன்.

அந்த வேலைக்கென்றே நீ வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கினாய். வீட்டில் சாதாரண செருப்பு கிடக்க, மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் இது எதற்கு என்று கேட்டேன். "அதுக்குத்தாங்க இது. மிஷின் ஆன்ல இருக்கும்போது எல்லாரும் நல்லாப் பேசுவாங்க. செருப்பு மாட்டும்போதுதான் உண்மையப் பேசுவாங்க" என்றாய்.

நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது. செமோரில் ஒரு அக்கா, மாண்டரின் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று உள்ளே பாடமாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் நீ குனிந்து வாரோடு போராடிக்கொண்டிருந்தபோது, "என் தங்கச்சி பிள்ளைங்க எல்லாம் சீன ஸ்கூல்தான். என் பிள்ளைய வேற எங்கயாச்சும் போட்டா, தீபாவளிக்கு அவ வீட்டுல நான் எப்படி உக்காருவேன் டீச்சர்" என்றார். கோலா கங்சார் பக்கம், மகனைத் தமிழ்ப்பள்ளியில் போட்ட ஒரு தகப்பன். தாய்மொழி, பண்பாடு, கோயில் என்று ஒரு மணி நேரம் பேசியவர், கேட் வரை வந்து மெதுவாகச் சொன்னார்: "நான் படிச்ச எடத்துல யாரும் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கருப்பன்னுதான் கூப்பிடுவாங்க. மகனுக்காவது பேரு இருக்கட்டும்." நீ அவசரப்படவே இல்லை. வாரை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாய்.

திரும்பி வரும்போது உனக்கும் எனக்கும் சண்டை. இதையெல்லாம் எழுதாமல் வேறு எதை எழுதப் போகிறாய் என்று கத்தினேன். மிஷினை அணைத்த பிறகு சொன்னதை எழுதுவது நம்பிக்கைத் துரோகம் என்றாய். அப்படியானால் அந்தத் தடித்த புத்தகத்தில் இருப்பதெல்லாம் பாதிப் பொய்யா என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "பொய் இல்லைங்க. அதுவும் காரணந்தான். ஆனா அது ரெண்டாவது காரணம்."

பிறகு நோய்த்தொற்று பரவி, நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிக்கூடம் எல்லாம் கைப்பேசிக்குள் போனது. உன் ஆய்வும் கூடவே போனது. இணையவழிப் படிப்பு வீடுகளில் எப்படி நடக்கிறது என்று, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, திரையில் தாய்மார்களிடம் கேட்டாய். நன்றி சொன்னதும் அவர்கள் விரல் ஒன்று பெரிதாகத் திரைக்கு வரும், முகம் காணாமல் போகும். ஒரு பெண் போகிற நேரத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், லைன் அறுந்தது. நீ திரும்ப அழைத்தாய். "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றுவிட்டாள். நீ கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாய். "வாசலே இல்லாத வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்குங்க" என்றாய்.

அந்த வருஷமே நோய் உன்னைப் படுக்கையில் போட்டது. ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடவில்லை. தாதி, நாம் மிஸி என்போமே, அவர்தான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார். பாப்பாவைக் காட்டினேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே, "படிப்பப் பத்திக் கவலப்படாதீங்க. பிள்ளைக்கு எது பொருந்துதோ பாத்துச் செய்யுங்க" என்றாய். அது மிஷின் ஆனில் இருக்கும்போது சொல்கிற பதில் என்று எனக்குத் தெரியாதா? அடுத்ததற்குக் காத்திருந்தேன். மிஸிக்கு வேறு படுக்கைக்குப் போக வேண்டும். திரை இருண்டது. அதற்குப் பிறகு நேற்றுவரை உன் குரலை நான் கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அந்தக் கைப்பேசியின் மேல்தான்.

என் அக்கா சீனப்பள்ளி என்கிறாள். அவள் பிள்ளைகள் அங்கே படித்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். நம் மகளும் அங்கே ஓடிப் பிடித்துக்கொள்வாள். பாலர் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாண்டரின் பாட்டைக் கண்ணாடி முன் நின்று பாடிச் சிரிக்கிறாள். போன வாரம், என்ன பாட்டு, எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டேன். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்றாள். சும்மாதான் சொன்னாள். எனக்கு அது சும்மாவாக இல்லை.

இன்று காலை தமிழ்ப்பள்ளி என்று பதிந்துவிட்டேன். அக்கா ஏன் என்று கேட்டாள். தாய்மொழி என்றேன். உன் பெயரையும் இழுத்தேன். நீ தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துத்தானே இவ்வளவு தூரம் வந்தாய் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டாள். எல்லாம் உண்மைதான். நல்ல பள்ளிதான், அங்கே அவளும் நன்றாகப் படிப்பாள். ஆனால் இதெல்லாம் ரெண்டாவது காரணம் என்று உனக்குத் தெரியும்.

மகளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றேன். ரெக்கார்டர் உள்ளே மேசையில், பேட்டரி மறுபடி ரிமோட்டில். உன் வார் செருப்பு இன்னும் ராக்கில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்குப் பயமா இருக்குலா. நீயும் போயிட்டே. அவளும் எனக்குப் புரியாத பாஷைக்குள்ள போயிட்டா, இந்த வீட்டுல நான் மட்டும்தான் இருப்பேன்."

பிள்ளைக்கு எது பொருந்துதோ பார்த்துச் செய்யச் சொன்னாய். நான் எனக்குப் பொருந்தியதைச் செய்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் சரி என்றோ தப்பு என்றோ சொல்லியிருக்க மாட்டாய். வாரை மாட்டத் தெரியாதவள் மாதிரி, இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்திருப்பாய்.